சூடு போகும் பாதை: சாந்தாகதாவிலிருந்து நுர்பர்க்ரிங் வரை

நாள் 1 – சாந்தாகதா பொலோனேசே

இத்தாலியின் பொலோன்யாவை மையமாக வைத்து அறுபது கிலோமீட்டர் வட்டம் போட்டால் லம்போர்கினி, ஃபெராரி, பகானி, மசெராட்டி நான்கும் அதற்குள் விழுந்துவிடும். சூப்பர் கார் ஆர்வலர்கள் பயணத்தை இங்கே தொடங்குவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

இந்தத் தொடரில் குதிரைத்திறன் பட்டியல் அதிகம் வராது. டர்போவைப் பெரிதாக்கி, மின்மோட்டார் ஒன்றிரண்டைச் செருகினால் ஆயிரம் குதிரைத்திறனை எட்டுவது இன்று பெரிய வித்தையல்ல. அந்த ஆயிரம் உண்டாக்கும் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அங்கேதான் ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் வித்தியாசம் தெரியும். அதனால் போகிற இடமெல்லாம் ரேடியேட்டர், காற்று வாய், பிரேக், டயர் என்று சூடு வெளியேறும் வழியைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் ஏற்பாடு. லம்போர்கினியின் ஊரான சாந்தாகதா, பொலோன்யாவுக்கு வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டர். பேருந்தில் போகலாம், ஆனால் வார இறுதியில் சேவை குறைவு. லம்போர்கினி அருங்காட்சியகச் சீட்டு வேறு, தொழிற்சாலைச் சுற்று வேறு. சுற்று வேலை நாட்களில்தான் நடக்கும். பல வாரம் முன்பே பதிவு செய்ய வேண்டும். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். ஆகஸ்ட் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். இத்தாலியத் தொழிற்சாலைகள் கோடை விடுமுறைக்கு மூடும் காலம் அது. அருங்காட்சியகம் திறந்திருந்தாலும் அசெம்பிளி லைன் தூங்கும்.

இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டிய கார் 2023-இல் வந்த ரெவுவெல்டோ. 6.5 லிட்டர் வி12, டர்போ கிடையாது, 9,250 ஆர்பிஎம்மில் 825 குதிரைத்திறன். மூன்று மின்மோட்டார்களையும் சேர்த்தால் 1,015. இதற்கு முந்தைய அவென்டடோரில் கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு முன்னால், இரு இருக்கைகளுக்கும் நடுவிலிருந்த சுரங்கத்தில் படுத்திருந்தது. ரெவுவெல்டோவில் இன்ஜினை 180 டிகிரி திருப்பி, எட்டு கியர் டூயல் கிளட்ச் பெட்டியை இன்ஜினுக்குப் பின்னால் குறுக்காக மாட்டிவிட்டார்கள். காலியான சுரங்கத்தில் 3.8 கிலோவாட் மணி பேட்டரி புகுந்துகொண்டது. காரின் நடுவில், தரையை ஒட்டி, எக்ஸாஸ்ட்டுக்கு எட்டத்தில் லித்தியம் செல்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்தக் காரில் இல்லை.

‘இவ்வளவு சின்ன பேட்டரியா?’ என்ற கேள்வி எப்போதும் வரும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். கூடுதலாகக் கிடைக்கும் 190 குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 140 கிலோவாட். அதே வேகத்தில் இடைவிடாமல் இழுத்தால் 3.8 கிலோவாட் மணி நூறு விநாடிகூடத் தாங்காது. ஆனால் எந்த ரேஸ் ட்ராக்கிலும் நூறு விநாடி தொடர்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்க முடியாது. ஒவ்வொரு பிரேக்கிலும் கொஞ்சம் திரும்பி வரும். நின்றுகொண்டே வி12-ஐ ஓட்டி ஆறு நிமிடத்தில் நிரப்பவும் முடியும் என்கிறது லம்போர்கினி. பேட்டரியை இரு மடங்காக்கினால் எடை கூடும், எடை கூடினால் பிரேக் சூடு கூடும். சின்ன பேட்டரிதான் சரியான முடிவு.

பக்கத்தில் நிற்கும் அவென்டடோரைப் பற்றி, பழைய வண்டி வாங்கும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் ஏழு கியர் பெட்டிக்கு ஒரே கிளட்ச். ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பதுதான் அதன் எமன்: அரை கிளட்ச்சில், இன்ஜின் சுழல, வண்டி நகராமல் நிற்கும் ஒவ்வொரு விநாடியும் தட்டு எரியும். கண்ணால் பார்த்து எதுவும் தெரியாது. வாங்குமுன் டயக்னாஸ்டிக் கருவியை மாட்டி, கிளட்ச் தேய்மான மதிப்பைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு வண்டி பாருங்கள். ரெவுவெல்டோவில் இந்தத் தொல்லை இல்லை, ரிவர்ஸ் வேலையை முன்பக்க மின்மோட்டார்கள் எடுத்துக்கொள்கின்றன.

இளைய சகோதரன் டெமராரியோ 2024-இல் வந்தது: 4 லிட்டர் வி8, இரண்டு டர்போ, 10,000 ஆர்பிஎம் வரை சுற்றும், மொத்தம் 920 குதிரைத்திறன். இதற்கு முந்தைய ஹுராகானின் வி10 சத்தத்துக்காக ஏங்குபவர்களுக்கு இது ஈடாகாது. ஆனால் டர்போ இன்ஜினைப் பத்தாயிரத்துக்குச் சுழற்றுவது லேசான காரியமில்லை என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நாள் 2 – மரனெல்லோ, மோதெனா

ஃபெராரிக்கு இரண்டு அருங்காட்சியகங்கள். மரனெல்லோவில் இருப்பது தொழிற்சாலைக்குப் பக்கத்தில். மோதெனாவில் இருப்பது என்ஸோ ஃபெராரி பிறந்த வீட்டை ஒட்டி, மஞ்சள் கூரையோடு 2012-இல் திறந்தது. இரண்டுக்கும் சேர்ந்த சீட்டு உண்டு, இணைக்கும் ஷட்டில் பேருந்தும் உண்டு. கார்தான் முக்கியம், வரலாறு அப்புறம் என்பவர்கள் மரனெல்லோவுக்கே அதிக நேரம் ஒதுக்கலாம்.

தொழிற்சாலைக்குள் கால் வைக்க வாடிக்கையாளராக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பேருந்துச் சுற்று: தொழிற்சாலை வீதி, ஃபியோரானோ ட்ராக் இரண்டையும் ஜன்னல் வழியே காட்டுவார்கள். இறங்க முடியாது, படம் எடுக்கவும் கூடாது. 1972-இல் கட்டப்பட்ட ஃபியோரானோ சுமார் 3 கிலோமீட்டர்தான். வேலி ஓரத்துச் சாலையில் நின்றால், மூடு துணி போர்த்திய சோதனைக் கார்கள் ஓடுவது சில நாட்களில் தெரியும். சத்தம் எப்படியும் கேட்கும்.

எஸ்எஃப்90 ஸ்ட்ராடாலே (2019), 296 ஜிடிபி (2021) இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவதில் 780 குதிரைத்திறன் வி8-உடன் மூன்று மோட்டார்கள் தரும் 220 சேர்ந்து ஆயிரம். இரண்டாவதில் 3 லிட்டர் வி6 மட்டும் 663, ஒரு மோட்டார் 167, மொத்தம் 830. 296-இன் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே 120 டிகிரி அகலம். டர்போக்கள் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. எக்ஸாஸ்ட் குழாயின் நீளம் குறையும், டர்போ சீக்கிரம் ஊதும், இன்ஜினின் அகலமும் அடங்கும். விலை என்னவென்றால், காரிலேயே மிகச் சூடான பாகம் இன்ஜினின் நட்டநடுவில், மூடிக்கு நேர் கீழே வந்துவிடுகிறது. பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள திறப்புகளைக் குனிந்து பாருங்கள். அழகுக்காக வைத்ததாகத் தோன்றுபவற்றில் பாதி சூடு தப்பிப்பதற்கான வழி.

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் சூப்பர் காரின் உண்மையான தலைவலி ரேடியேட்டர் பரப்பு. இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட் 90 டிகிரிக்கு மேல் ஓடும். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்டர், மோட்டார்களுக்கு அதைவிடக் குளிர்ந்த தனிச் சுற்று வேண்டும். பேட்டரிக்கு அதிலும் குளிர். ஒரு ரேடியேட்டர் எவ்வளவு சூட்டைத் தள்ளும் என்பது கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 95 டிகிரி கூலன்ட்டுக்கு வித்தியாசம் 60. அறுபது டிகிரி கூலன்ட்டுக்கு வெறும் 25. அதே அளவு சூட்டை வெளியேற்ற, குளிர்ந்த சுற்றுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் பரப்போ காற்றோ தேவை. மின்மோட்டார் குறைவாகத்தான் சூடாகும், ஆனால் அந்தக் கொஞ்சச் சூடு முன்பக்கத்தில் பிடிக்கும் இடம் அதிகம். புது கார்களின் மூக்கு ஏன் இப்படி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது என்று முகம் சுளிப்பவர்களுக்கு இதுதான் பதில்.

எடை விவரத்தைப் படிக்கும்போது கவனம். எஸ்எஃப்90-க்குத் தரப்படும் 1,570 கிலோ ‘உலர் எடை’. எண்ணெய், கூலன்ட், பெட்ரோல் எதுவும் அதில் சேராது. எடை குறைக்கும் விருப்பப் பாகங்களும் மாட்டியிருக்க வேண்டும். சாலையில் நிற்கும் வண்டிக்கு நூறு கிலோவுக்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் கம்பெனிகளின் எடை வழக்கமாகத் திரவங்களோடு சேர்ந்தது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு நடக்கும் வாதங்களில் பாதிக்கு அர்த்தமே இல்லை.

எண்ணெய் பற்றி ஒன்று. இந்த வகை இன்ஜின்கள் பெரும்பாலும் ‘ட்ரை சம்ப்’: எண்ணெய் இன்ஜினின் அடியில் தேங்காமல் தனித் தொட்டிக்குப் போய்விடும். வளைவில் எண்ணெய் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சாது. அடித்தொட்டி இல்லாததால் இன்ஜினையும் தரைக்கு அருகே இறக்கலாம். ஆனால் குளிர்ந்த இன்ஜினில் அளவு பார்த்தால் பொய்தான் சொல்லும், ஏனெனில் நின்றிருக்கும்போது எண்ணெய் மெல்ல இன்ஜினுக்குள் வடிந்துவிடும். குறைவாகத் தெரிகிறதே என்று ஒரு லிட்டர் ஊற்றினால், ஓடும்போது உபரி எண்ணெய் காற்றுக் குழாய் வழியே உள்ளே போய்ப் புகையும். நன்றாகச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, பெரும்பாலான மாடல்களில் இன்ஜின் ஐடிலில் ஓடும்போதே பார்க்க வேண்டும். கையேட்டில் உங்கள் மாடலுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுவே சட்டம்.

மரனெல்லோ தெருக்களில் நிமிடக் கணக்கில் ஃபெராரி ஓட்டத் தரும் கடைகள் வரிசையாக உண்டு. அவை ஃபெராரி நடத்துபவை அல்ல. கையெழுத்துப் போடுமுன் விபத்து நேர்ந்தால் உங்கள் பங்கு எவ்வளவு என்ற வரியைத் தேடிப் படியுங்கள். ஊருக்குள் ஓட்டும் அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டாவது கியரைத் தாண்டி எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

நாள் 3 – சான் சேசாரியோ சுல் பனாரோ

பகானியின் அருங்காட்சியகமும் பட்டறையும் ஒரே வளாகம். பட்டறைச் சுற்று சிறு குழுக்களுக்கு, முன்பதிவில் மட்டும். மூன்று தொழிற்சாலைகளில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதையே பரிந்துரைப்போம். மனிதர்கள் கையால் செய்வது இங்கேதான் கிட்டத்தில் தெரியும்.

அர்ஜென்டினாவில் பிறந்த ஹொராசியோ பகானி முன்பு லம்போர்கினியில் கார்பன் ஃபைபர் வேலை பார்த்தவர். 1999-இல் ஸோண்டா, 2011-இல் ஹுவைரா, 2022-இல் உடோப்பியா. உடோப்பியாவில் மெர்சிடிஸின் ஏஎம்ஜி பிரிவு செய்து தரும் 6 லிட்டர் வி12, இரண்டு டர்போ, 864 குதிரைத்திறன், 1,100 நியூட்டன் மீட்டர். ஹைப்ரிட் இல்லை. ஏழு கியர் மேனுவல் கிடைக்கும். உலர் எடை 1,280 கிலோ. மரனெல்லோவில் நேற்றுப் பார்த்த இரண்டாவது, மூன்றாவது குளிர்ச் சுற்றுகள், இன்வெர்டர், பேட்டரி எதுவுமே இங்கே இல்லை என்பதை நினைத்துக்கொண்டு இந்த எடையைப் படியுங்கள். சூட்டை எப்படி வெளியேற்றுவது என்ற கேள்விக்கு, உண்டாக்காமல் விட்டுவிடுவதும் ஒரு பதில்.

கார்பன் பாகம் பிறக்கும் முறை இது. பிசின் ஊறிய நெசவுத் துணி உறைகுளிர்ப் பெட்டியிலிருந்து வெளிவரும். வார்ப்புக்கு ஏற்றபடி வெட்டி, நார் ஓடும் திசையைப் பார்த்து அடுக்கடுக்காகப் படியவைப்பார்கள். வெற்றிடப் பையில் மூடிக் காற்றை இழுத்து, ஆட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்புக்குள் பல பார் அழுத்தத்தில், நூறு டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். கெடுவதற்கு வழிகள் ஏராளம்: அடுக்குகளுக்கு நடுவே காற்றுக் குமிழி, மூலையில் துணி பாலம்போல் தொங்கிப் பின்னால் பிசின் மட்டும் நிரம்புவது, கைரேகையின் எண்ணெய்ப் பசை. பானெட்டின் நடுக்கோட்டில் இருபக்க நெசவும் மீன்முள்போல் நேராகச் சந்திக்கிறதா என்று பாருங்கள். அது பலத்துக்கு உதவாது, கை சுத்தத்துக்குச் சாட்சி.

நடுக்கூட்டுக்கு இவர்கள் பயன்படுத்துவது கார்பனும் டைட்டானியம் இழையும் சேர்ந்த நெசவு. வெறும் கார்பன் அடி விழுந்தால் சிதறிவிடும். உலோக இழை சேர்ந்தால் துண்டுகளைப் பிடித்துவைக்கும்.

சொந்தமாகவோ வாடகைக்கோ கார்பன் கூட்டுக் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. ஜாக் போடும் இடம் குறித்த புள்ளியில் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டு அங்குலம் தள்ளி வைத்தாலும் முழு எடையும் மெல்லிய அடித்தட்டில் இறங்கி உள்ளடுக்கு பிரியும், வெளியே கீறல்கூடத் தெரியாது. அடி விழுந்த கூட்டை நாணயத்தால் தட்டிப் பார்ப்பது பழைய முறை: நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்ட் சோதனைதான், பெயிண்ட்காரரின் கண் போதாது.

நாள் 4 – ஸ்டெட்ஸானோ வழியாக ஆல்ப்ஸ்

பெரும்பாலும் சாலை. இத்தாலிய நெடுஞ்சாலையில் வேக வரம்பு 130, மழையில் 110; சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்கள் உண்டு, கேமராவைக் கண்டதும் பிரேக் போடுவது உதவாது. மோதெனா, பொலோன்யா நகர மையங்களில் அனுமதி இல்லாத வண்டி நுழையக் கூடாத பகுதிகள் இருக்கின்றன. அபராதம் பல மாதம் கழித்து வாடகைக் கம்பெனி வழியாக வந்து சேரும்.

பெர்காமோ அருகே ஏ4 நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சிவப்புச் சுவர் ஓடும். பிரேக் தயாரிக்கும் பிரெம்போவின் தலைமையகம் அதன் பின்னால். பொதுமக்கள் பார்க்க எதுவும் இல்லை. ஆனாலும் பிரேக்கைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எது?

1,700 கிலோ கார் மணிக்கு 300 கிலோமீட்டரிலிருந்து 100-க்கு இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 5.25 மெகாஜூல். பதினைந்து லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்கப் போதுமானது, அதுவும் ஐந்தாறு விநாடிக்குள், நான்கு பிரேக் தட்டுகளில். கார்பன் செராமிக் தட்டு இங்கே ஜெயிப்பது இரண்டு காரணத்தால்: வார்ப்பிரும்பில் ஏறக்குறைய பாதி எடை, அதிக சூட்டிலும் வளையாத உடம்பு. ஃபெராரி 2008 முதல் எல்லா மாடல்களிலும் இதையே வழக்கமாக்கியது.

இதன் தேய்மானத்தைத் தடிமன் வைத்து மட்டும் அளந்தால் ஏமாறுவோம். ட்ராக்கில் மீண்டும் மீண்டும் காய்ந்தால் தட்டுக்குள் இருக்கும் கார்பன் நார் ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிந்து குறையும். தடிமன் அப்படியே இருக்கும், எடை இறங்கிவிடும். அதனால்தான் பல தட்டுகளின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடை பொறிக்கப்பட்டிருக்கிறது. கழற்றி, துடைத்து, தராசில் வைத்துப் பார்ப்பதே நேர்மையான சோதனை. சக்கரம் கழற்றும்போது நீண்ட வழிகாட்டிக் கம்பிகளை போல்ட் துளையில் திருகிவிட்டுத்தான் சக்கரத்தை இழுக்க வேண்டும். இல்லையென்றால் ரிம் சாய்ந்து தட்டின் விளிம்பில் இடிக்கும், ஒரு சில்லு போனாலும் தட்டையே மாற்ற நேரலாம். பழைய வண்டி வாங்குபவர்கள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியது விளிம்பைத்தான். இன்னொன்று: மழையில் முதல் மிதிப்பு ஒரு நொடி தாமதித்துப் பிடிக்கும், அது பழுதல்ல.

ஸ்விட்சர்லாந்து நெடுஞ்சாலைக்கு 40 ஃபிராங்க் ஆண்டு ஒட்டு தேவை, எல்லையிலேயே கிடைக்கும். வரம்பு 120, அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் நாடு அல்ல. 16.9 கிலோமீட்டர் கோட்டார்ட் சுரங்கத்தில் வரம்பு 80. சுரங்கத்துக்கு மேலே உள்ள கணவாய்ச் சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும். திறந்திருந்தால் அதுவே வழி. இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாமல் உரசாமல், கியரைக் குறைத்து இன்ஜினால் பிடியுங்கள்.

நாள் 5 – மியூல்ஹவுஸ், மோல்ஸ்ஹைம்

பிரான்ஸின் மோல்ஸ்ஹைமில் புகாட்டியின் பட்டறை வாடிக்கையாளர்களுக்கு மட்டும். வேலிக்கு வெளியே நின்று ஷாத்தோ சான் ஜான் மாளிகையைப் பார்த்துத் திரும்புவதற்காக ஒரு நாளைச் செலவழிக்காதீர்கள். மியூல்ஹவுஸில் உள்ள கார் அருங்காட்சியகம் புகாட்டிக்கு உண்மையான கோயில். ஷ்லும்ஃப் சகோதரர்கள் தங்கள் நூல் ஆலையில் சேர்த்துவைத்த தொகுப்பு அது. நூற்றுக்கும் மேற்பட்ட புகாட்டிகள். அரை நாள் போதாது.

நவீன புகாட்டியின் எண்கள் சூட்டின் எண்கள்தான். 2016-இல் வந்த ஷிரோனில் 8 லிட்டர் டபிள்யூ16, நான்கு டர்போ, 1,500 குதிரைத்திறன். அதாவது 1,100 கிலோவாட். பெட்ரோல் இன்ஜினில் எரியும் ஆற்றலில் சக்கரத்துக்குப் போவது போல ஏறத்தாழ அதே அளவு கூலன்ட்டுக்கும், இன்னொரு பங்கு எக்ஸாஸ்ட்டுக்கும் போகும் என்பது பொதுவான மதிப்பீடு. ஆக, முழு வேகத்தில் ஒரு மெகாவாட் சூட்டை ரேடியேட்டர் வழியே தள்ள வேண்டும். அதனால்தான் பத்து ரேடியேட்டர். அதனால்தான் நிமிடத்துக்கு 800 லிட்டர் சுற்றவைக்கும் பம்ப். பக்கவாட்டில் கதவைச் சுற்றி வளையும் அந்தப் பெரிய ‘சி’ வளைவு அலங்காரமென்று நினைப்பவர்கள் அதன் பின்விளிம்பில் கையை வைத்துப் பார்த்தால் காற்று வாய் புரியும்.

2005-இல் வெய்ரோன் 1,001 குதிரைத்திறனில் 407 கிலோமீட்டர் வேகம் போனது. 2019 ஆகஸ்ட் 2 அன்று, ஜெர்மனியின் எரா லெசியன் சோதனைத் தடத்தில் ஆண்டி வாலஸ் ஷிரோன் சூப்பர் ஸ்போர்ட் 300+ முன்மாதிரியை 490.484 வரை ஓட்டினார். காற்றை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் கனமடங்கில் ஏறும். 490-ஐ 407-ஆல் வகுத்துக் கனம் எடுத்தால் 1.745, ஆக வெய்ரோனின் உடம்போடு போக 1,745 குதிரைத்திறன் வேண்டியிருக்கும். 1,600-இல் முடிந்ததற்குக் காரணம் சுமார் 25 சென்டிமீட்டர் நீட்டிய வால், தாழ்த்திய உயரம். டயர்களை ஒவ்வொன்றாக எக்ஸ்ரே எடுத்த பிறகே மாட்டினார்கள். அந்த வேகத்தில் திறனைவிட டயர்தான் முதல் எல்லை.

அடுத்தது 2024-இல் அறிவித்த டூர்பியோன். டர்போவை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள்: பிரிட்டிஷ் இன்ஜின் நிறுவனமான காஸ்வொர்த் உருவாக்கிய 8.3 லிட்டர் வி16, ஆயிரம் குதிரைத்திறன், மின்மோட்டார்கள் 800. நான்கு டர்போவின் சூட்டைக் கட்டி மேய்ப்பதைவிட 25 கிலோவாட் மணி பேட்டரியைக் குளிரவைப்பது மேல் என்று புகாட்டியே முடிவுக்கு வந்திருப்பது கவனிக்க வேண்டிய திருப்பம்.

நாள் 6 – ஸ்டுட்கார்ட்

ட்சுஃபன்ஹவுஸனில் போர்ஷே அருங்காட்சியகம். எஸ்6 ரயில் வாசலிலேயே இறக்கிவிடும், திங்கட்கிழமை விடுமுறை. காட்சிக் கார்கள் மாறிக்கொண்டே இருக்கும், குறிப்பிட்ட ஒன்றை நம்பிப் போகாதீர்கள்.

போர்ஷேயின் ஹைப்ரிட் காரான 918 ஸ்பைடர் இருந்தால் பின்பக்கம் போய் நில்லுங்கள். எக்ஸாஸ்ட் குழாய் இரண்டும் இன்ஜினுக்கு மேலே, இருக்கைக்குப் பின்னால் வானத்தைப் பார்த்து முடிகின்றன. சூடான பக்கம் ‘வி’-க்கு உள்ளே, சூடு மிகக் குறுகிய வழியில் மேலே போய்விடும்; கீழே இருக்கும் பேட்டரிக்குப் பக்கமே வராது. கடந்த இருபது ஆண்டில் வந்த மிகச் சுத்தமான தீர்வு இதுதான் என்பது எங்கள் கட்சி.

காரெரா ஜிடியின் செராமிக் கிளட்ச் வெறும் 169 மில்லிமீட்டர் விட்டம். கிளட்ச் சிறிதானதால் இன்ஜினைத் தரையோடு தரையாக இறக்க முடிந்தது. ஆனால் பழக்கமில்லாதவர் ஆக்ஸிலரேட்டர் மிதித்துக் கிளப்பினால் வண்டி நின்றுவிடும் அல்லது கிளட்ச் கருகும். சரியான முறை: ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மெல்ல விடுங்கள், ஐடில் கட்டுப்பாடு தானே வண்டியை இழுத்துவிடும், முழுதாகப் பிடித்த பிறகு மிதிக்கலாம்.

இப்போதைய 911 ஜிடி3 ஆர்எஸ்: முன்பக்கப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பெரிய ரேடியேட்டர், சாய்வாக. அதனால் ஓரத்தில் காலியான இடம் முழுவதும் காற்றழுத்தச் சிறகுகளுக்கு. வெளிவரும் சூடான காற்று பானெட்டின் இரு துளை வழியே மேலேறும். அது நேரே கூரை வழியாகப் பின்னால் போய் இன்ஜின் வாய்க்குள் புகாமல் இருக்கத்தான் கூரையில் அந்தச் சிறு தடுப்புகள். மணிக்கு 200-இல் 409 கிலோ கீழழுத்தம், 285-இல் 860. அழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறும் என்பதால் 409-லிருந்து கணக்கிட்டால் 830 வரும். கம்பெனி சொல்லும் எண்ணுக்கு நெருக்கம்தான். சூட்கேஸ் வைக்க இடம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

நாள் 7 – நுர்பர்க்ரிங்

ஜெர்மனியின் நுர்பர்க்ரிங் ட்ராக்கின் நீண்ட சுற்றான நோர்ட்ஷ்லைஃபே 20.832 கிலோமீட்டர். சாதனை நேரங்களைப் படிக்கும்போது நீளத்தைப் பாருங்கள்: 2019-க்கு முன்பு பெரும்பாலும் 20.6 கிலோமீட்டருக்கு அளந்தார்கள். 918-இன் 6:57 (2013) அந்தக் கணக்கு. ஜிடி3 ஆர்எஸ் முழுச் சுற்றுக்கு 6:49.328, அதே ஓட்டத்தில் 20.6-க்கு 6:44.848. நாலரை விநாடி வித்தியாசம் வெறும் நேர்ச்சாலை. 2024-இல் மாரோ எங்கல் ஓட்டிய மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஒன் 6:29.090. ஃபார்முலா 1 வழிவந்த 1.6 லிட்டர் வி6 அதில் 11,000 ஆர்பிஎம் வரை சுழலும். 2022-இல் இதே கார் போட்ட முந்தைய 6:35.183 ஓட்டத்திலும் திறனைவிடப் பெரிய வேலை, மின்னாற்றலைச் சுற்று முழுவதும் பங்கிடுவதுதான்.

பார்க்க மட்டும் வருபவர்களுக்கு ப்ருன்ஷன் வளைவு: பக்கத்திலேயே வண்டி நிறுத்தலாம், புல்மேட்டில் உட்காரலாம். காருஸெல்லுக்குக் காட்டுவழி நடக்க வேண்டும்.

ஓட்ட வருபவர்கள், பொதுமக்களுக்குத் திறக்கும் நேரத்தில் இது சுங்கச் சாலை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் மட்டும் முந்தலாம். நேரம் அளக்கக் கூடாது. ஓட்டும்போது படம் பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் வெளியேறித்தான் மீண்டும் நுழைய வேண்டும். தடுப்பில் மோதினால் தடுப்புக்கும் சேர்த்துப் பில் வரும். விமான நிலையத்தில் எடுத்த சாதாரண வாடகைக் காரின் ஒப்பந்தம் இந்த இடத்தைத் தடை செய்திருக்கும். ட்ராக்குக்கென்றே வாடகைக்குத் தரும் நிலையங்கள் ஊரில் உண்டு. உங்கள் சொந்த இன்சூரன்ஸ் இங்கே செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டயர் முதலில். பக்கச்சுவரில் தயாரித்த காலத்தைக் காட்டும் டாட் முத்திரையின் கடைசி நான்கு இலக்கம் 1423 என்றால் 2023-இன் 14-ஆவது வாரம். பக்கச்சுவரில் போர்ஷேக்கு ‘என்’, ஃபெராரிக்கு ‘கே’, லம்போர்கினிக்கு ‘எல்’ என்ற எழுத்துக் குறி இருக்கும். ஒரே பெயர், ஒரே அளவு டயராக இருந்தாலும் குறி மாறினால் உள்ளமைப்பு மாறும். நான்கில் இரண்டு மட்டும் வேறு குறி என்றால் பேலன்ஸ் கெடும். நுர்பர்க்ரிங் இருக்கும் ஐஃபெல் மலையில் காலை நேரம் 7 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம், அப்போது பள்ளக்கோடு குறைந்த, ட்ராக்குக்கான செமி ஸ்லிக் டயர் கல்லாகத்தான் இருக்கும். ஈரமும் சேர்ந்தால் ஓட்டவே வேண்டாம்.

காற்றழுத்தம்: 20 டிகிரியில் 2 பார் அடித்த டயரின் உள்காற்று 60 டிகிரிக்குப் போனால் 2.4 ஆகும். ஆகவே குளிரில் கம்பெனி சொன்ன ட்ராக் அளவில் தொடங்கி, ஒரு சுற்று முடித்து உடனே அளந்து, சூட்டு இலக்கைத் தாண்டியதை மட்டும் விடுங்கள். திரும்பி ஊருக்குப் போகுமுன் மீண்டும் நிரப்ப மறக்காதீர்கள், குளிர்ந்ததும் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

பிரேக் ஆயில்: டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும், ஈரம் உறிஞ்சிவிட்டால் அந்த எல்லை 155. ஃபுக்ஸ்ரோரே இறக்கத்தின் அடியில் பெடல் தரைவரை போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இரண்டு வருடப் பழைய ஆயில். ரேஸ் ஆயில் முந்நூறைத் தாண்டும், ஆனால் ஈரத்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். சீசனுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். பெடல் மெத்தென்று ஆனால் இருமுறை மிதித்து அழுத்தம் ஏற்றி, வேகத்தைக் குறைத்து, வலப்பக்கம் ஒதுங்கி வெளியேறுங்கள்.

சுற்றின் கடைசியில் வரும் டோட்டிங்கர் ஹோஹே நேர்ச்சாலையை வீணாக்காதீர்கள். அங்கே மிதமாக ஓட்டினால் பிரேக் நன்றாக ஆறும். வெளியே வந்ததும் நிறுத்துமிடத்தில் உடனே நிற்காமல் பொதுச்சாலையில் ஐந்து கிலோமீட்டராவது போய் வாருங்கள். காற்றில்லாமல் நின்றால் தட்டின் சூடு அதைக் கவ்வும் காலிப்பருக்கு ஏறி, ஓடும்போது கொதிக்காத ஆயில் நிற்கும்போது கொதிக்கும். பார்க்கிங் பிரேக் போடக் கூடாது. டூயல் கிளட்ச் என்றால் ‘பி’, மேனுவல் என்றால் கியரில் விட்டு, சக்கரத்துக்கு அடியில் கட்டை. இன்ஜினை அணைத்த பிறகும் மின்பம்பும் விசிறியும் சில நிமிடம் ஓடும், அப்போது பேட்டரித் தொடர்பைத் துண்டிக்காதீர்கள்.

ஆறியதும் சக்கரம். நடுவில் ஒரே நட் உள்ள போர்ஷே ஜிடி3 வகைகளுக்கு 600 நியூட்டன் மீட்டர். சாதாரண டார்க் ரெஞ்ச் அதில் பாதியைக்கூட எட்டாது, பிரேக்கை மிதித்துக்கொள்ள உள்ளே இன்னொருவரும் வேண்டும். கருவி கைவசம் இல்லையென்றால் நட்டைத் தொடாமல், அடுத்த சுற்றுக்கு முன் ஊரில் உள்ள பணிமனைக்கே கொண்டுபோய்விடுங்கள்.